சங்கிலி இறுக்கியும் அதனைத் தெரிந்தெடுக்கும் முறையும்

மிதிவண்டியில் ஏறிச் செல்வோர் பலர். அதன் சங்கிலியைக் குனிந்து நோக்குவோர் மிகச் சிலர். அது கழன்று விழும் நாளிலேதான் அப்படி ஓர் உறுப்பு அங்கே உண்டு என்பது நம் நினைவிற்கு வருகிறது. சாலையிற் செல்லும் வண்டியில் சங்கிலி கழன்றால், வண்டியை ஓரமாக நிறுத்தி, விரல்களிற் கரி படிய அதனை மீண்டும் மாட்டிக்கொண்டு போய்விடலாம். ஆனால், ஆளுயரப் பாறையொன்றின் விளிம்பிலே பின்சக்கரம் ஒன்றனையே ஊன்றி நிற்கும் ஒருவன், எதிர்ப்பாறைக்குத் தாவும் பொருட்டு மிதிகட்டையை உந்தும் அந்த நொடியில் சங்கிலி ஒரு பல் தவறினால் விளைவது என்ன? கால் எதிர்பார்த்த தடையைக் காணாது கீழே பாய்கிறது. உடல் முன்னே சாய்கிறது. முழங்காலும் முகமும் கல்லின்மேல் மோதுகின்றன. ஆகவே, அத்தகைய வண்டிக்குச் சங்கிலி இறுக்கி ஒன்றைத் தெரிந்தெடுத்தல், அழகையோ விலையையோ மட்டும் பற்றிய செய்தியன்று. உடம்பின் நலத்தைப் பற்றிய செய்தியாகும். அதனைத் தெரிந்தெடுக்கும் முறையை இக்கட்டுரையில் ஒருவாறு ஆராயப் புகுகின்றோம்.

சோதனை ஓட்டத்தின் இயல்பு

'டிரையல்ஸ்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்குச் சோதனைகள் என்பது பொருள். விரைவைப் பாராது, கரடுமுரடான நிலத்தைக் கால் ஊன்றாமற் கடக்கும் திறமையைச் சோதித்தலின் இப்பெயர் வந்தது. மோட்டார் சைக்கிளில் இச்சோதனை மிகப் பழையது; ஸ்காட்லாந்து நாட்டில் 1909-ஆம் ஆண்டிலேயே பல நாள் நீடித்த ஓட்டம் ஒன்று நடைபெற்றது. பின்னர் ஸ்பெயின் தேசத்தின் காட்டலோனியாவில், மோட்டார் சைக்கிள் ஓட்டத்திற் புகழ்பெற்ற பெரே பீ என்பவர், தம் மகன் ஓட் பீ பழகுமாறு, பொறியில்லாத மிதிவண்டியில் இதனைச் செய்யும் வழியை வகுத்தார். அதற்கு 'டிரையல்சின்' என்று பெயர் வழங்கிற்று. ஸ்பானிய மொழியில் 'சின்' என்பது 'இன்றி' எனப் பொருள்படும். பொறியின்றிச் செய்யும் சோதனை என்பது கருத்து. இன்று உலகப் போட்டிகளில் 20 அங்குலச் சக்கர வண்டி, 26 அங்குலச் சக்கர வண்டி என இருவகை வழங்குகின்றன.

இவ்வண்டியில் இருக்கை இல்லை. ஓட்டுவோன் நின்றுகொண்டே இயக்குகிறான். நெடுந்தூரம் மிதித்தலும் இல்லை. இரு பிரேக்குகளையும் பிடித்து அசையாது நின்று, பின்சக்கரத்தின்மேல் வண்டியை நிமிர்த்தி, பிரேக்கை விட்டவுடன் மிதிகட்டையைக் கால்வட்டம் அல்லது அரைவட்டம் உந்தித் தாவுதலே இதன் தொழில். எனவே, சாலை வண்டியின் சங்கிலி இடையறாது ஓடும் நீரோட்டம் போன்ற உழைப்பை உடையது. சோதனை வண்டியின் சங்கிலியோ சம்மட்டி அடி போன்ற உழைப்பை உடையது. இவ்வேறுபாட்டை முதலில் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

சங்கிலி தாங்கும் பாரம்

இன்று நாம் காணும் உருளைச் சங்கிலியை ஹான்ஸ் ரெனால்டு என்னும் சுவிட்சர்லாந்து நாட்டவர் இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரிலிருந்து 1880-ஆம் ஆண்டில் அமைத்தார். மிதிவண்டிச் சங்கிலியில் ஓர் ஊசியிலிருந்து அடுத்த ஊசிவரை உள்ள நீளம் அரை அங்குலம், அஃதாவது 12.7 மில்லிமீட்டர். இதனை ஒரு கண்ணி என்போம். உட்தகட்டுக் கண்ணியும் வெளித்தகட்டுக் கண்ணியும் மாறி மாறி வருதலின், சங்கிலியை வளையமாக மூடும்போது இரட்டைப்படை எண்ணுள்ள கண்ணிகளே பொருந்தும். எனவே, சங்கிலியை ஓர் அங்குலம் ஓர் அங்குலமாகவே குறைக்கவும் கூட்டவும் இயலும். இச்சிறு செய்தி பின்னே பெரிதும் பயன்படும்.

இனி, பாரத்தைக் கணக்கிடுவோம். சோதனை வண்டிகள் பலவற்றில் கிராங்கிலுள்ள பற்சக்கரத்திற்கு 18 பற்களே உண்டு. அதன் அரைவிட்டம் ஏறத்தாழ 36.6 மில்லிமீட்டர். கிராங்கின் நீளம் 175 மில்லிமீட்டர் எனக் கொள்வோம். 70 கிலோ எடையுள்ள ஒருவன் தன் முழு எடையையும் கிடையாக நிற்கும் கிராங்கின்மேல் வைத்தால், சங்கிலியின் மேலிழைக்கு வரும் இழுப்பு ஏறத்தாழ 335 கிலோ எடைக்கு ஈடாகும். அதே கிராங்கில் 48 பற்களையுடைய சாலை வண்டிச் சக்கரம் இருப்பின் அவ்விழுப்பு 126 கிலோவே. முன்சக்கரம் சிறுத்தமையாலேயே இழுப்பு இரண்டரை மடங்கிற்கு மேல் உயர்ந்தது. தாவும்போது கால் தரும் உந்துதல் உடலெடையினும் மிகுதலால், உண்மையான இழுப்பு இதனினும் பெரிதாம்.

இப்பெரும் இழுப்பைப் பின்னே தாங்குவன எத்தனை பற்கள்? பின்பற்சக்கரத்திற்கு 26 அங்குல வண்டியில் 15 பற்களும், 20 அங்குல வண்டியில் 12 பற்களும் இருத்தல் பெருவழக்கு. அவற்றுள் ஏறத்தாழப் பாதியே சங்கிலியைக் கவ்வி நிற்கும். சங்கிலி தளர்ந்தால், கவ்விய பற்களுள்ளும் கடைசியில் உள்ளவை பிடியை விடும். எஞ்சியவற்றின் தலைமேற் சங்கிலி ஏறிப் பல் தவறும். வெண்பாவில் ஓரிடத்துத் தளை தட்டினால் பாட்டு முழுவதும் கெடுதல் போல, ஒரு பல் தவறினும் அம்முயற்சி முழுவதும் கெடும்.

ஒரு பெயர், இரு தொழில்

சங்கிலி இறுக்கி என்பது பலபொருள் ஒருசொல்லாக வழங்குகின்றது. கடையில் ஒரே பெயரால் விற்கப்படும் பொருள்களுள் இருவேறு தொழிலுடையன இருக்கின்றன. இவ்விரண்டையும் வேறு பிரித்து அறியாமையே தெரிந்தெடுத்தலில் நேரும் பிழைகளுக்கெல்லாம் மூலம்.

முதல்வகை, பின்சக்கரத்தின் அச்சையே பின்னுக்குத் தள்ளுவது. நம் நாட்டுச் சாதாரணச் சைக்கிளில் இதனை எல்லோரும் கண்டிருப்போம். அச்சு பொருந்தும் பிளவு பின்னோக்கித் திறந்திருக்கும். அச்சின் இருபுறமும் துளையுள்ள திருகாணி ஒன்றை மாட்டி, நட்டைத் திருகச் சக்கரம் பின்னே நகரும். கடைக்காரர் இதனைச் செயின் அட்ஜஸ்டர் என்பர். சோதனை வண்டியில் இதற்கு ஈடாக நத்தை எனப்படும் தகடு உண்டு. அச்சின்மேல் மாட்டப்படும் இத்தகட்டின் விளிம்பு, நத்தையோடு சுருண்டு விரிதல் போல, நடுவிலிருந்து படிப்படியாக அகன்று செல்லும். சட்டத்தில் அமைந்த சிறு முளையொன்றில் அவ்விளிம்பு சாய்ந்து நிற்க, தகட்டைத் திருப்பத் திருப்ப அச்சு பின்னே செல்லும்.

இரண்டாம் வகை, அச்சை அசைக்காது சங்கிலியின் தளர்ந்த கீழிழையை மட்டும் தள்ளி, மிகுநீளத்தைத் திரட்டிக்கொள்வது. கியர் மாற்றி தொங்குவதற்கென்று சட்டத்திற் செய்த காதிலே ஒரு சிறு கையை முடுக்கி, அக்கையின் நுனியில் உருளையொன்றைப் பொருத்துவர். அக்கையை வில் தள்ளி நிற்றலும் உண்டு. திருகினால் ஓரிடத்தில் நிலையாக நிறுத்தப்படுதலும் உண்டு.

இவ்விரண்டின் வேறுபாடு யாதெனில், முதலாவது சங்கிலியின் முழு இழுப்பையும் தாங்குகிறது; இரண்டாவது அதனைச் சிறிதும் தாங்குவதில்லை. மேலே கணக்கிட்ட 335 கிலோ இழுப்பு பின்னச்சின் வலப்புறத்தை முன்னோக்கி ஈர்க்கின்றது. திறந்த பிளவில் நட்டின் பிடியைத் தவிர அதனை எதிர்ப்பது நத்தை ஒன்றே. நட்டு இம்மியளவு வழுக்கினாலும் நத்தை இடங்கொடாது. ஆதலின் நத்தைக்கு வேண்டுவது வலிமை. உருளை இறுக்கியோ இழுப்பில்லாத கீழிழையைத் தொட்டு நிற்பது. அதற்கு வேண்டுவது நேரான இடமும் பக்கவாட்டில் ஆடாத உறுதியுமே.

கீழிழைக்கு இழுப்பே இல்லையா என ஒருவர் வினவலாம். சிறிது உண்டு. சோதனை வண்டிகள் பலவற்றில் பிரீவீல் பின்சக்கரத்தில் இல்லாமல் முன்னே கிராங்கிலேயே அமைந்துள்ளது. பின்பற்சக்கரம் சக்கரத்தோடு பிணைந்தது. ஆகவே, ஓட்டுவோன் மிதியாதபோதும் வண்டி முன்னே உருண்டால் சங்கிலி ஓடும். அப்போது பின்பற்சக்கரம் கீழிழையை இழுத்துப் பிரீவீலைச் சுழற்றுகின்றது. பிரீவீல் தூய்மையாக இருப்பின் அவ்விழுப்பு மிகச் சிறிது. சேறும் மணலும் புகுந்து அது கனத்துச் சுழன்றால், கீழிழை விறைத்து வில்லை அமுக்கிவிடும், திரட்டி வைத்த நீளமெல்லாம் மேலிழைக்குச் சென்று தொங்கும், சங்கிலி கழலும். வில்லிறுக்கி பழுது என்று வீசப்பட்ட இடங்கள் சிலவற்றில் உண்மைக் குற்றவாளி அழுக்கேறிய பிரீவீலே ஆகும்.

தளர்ச்சியின் கணக்கு

எவ்வளவு தளர்ச்சியை இறுக்கி ஏற்கும் என்பதைக் கணக்கினால் அறியலாம். முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே 380 மில்லிமீட்டரும், பற்கள் 18-உம் 15-உம் உள்ள வண்டியை எடுத்துக்கொள்வோம். கீழிழையின் நடுவில் உருளையை வைத்து மேலே தள்ளுவதாகக் கொண்டால், ஏறத்தாழ விடை வருமாறு:

மிகுநீளம் 0.5 மில்லிமீட்டராயின், நடுவிடம் 10 மில்லிமீட்டர் உயரும்.
மிகுநீளம் 5 மில்லிமீட்டராயின், 31 மில்லிமீட்டர் உயரும்.
மிகுநீளம் அரை அங்குலமாயின், 49 மில்லிமீட்டர் உயரும்.
மிகுநீளம் ஓர் அங்குலமாயின், 70 மில்லிமீட்டர் உயரும்.

இவ்வண்டியில் மேலிழைக்கும் கீழிழைக்கும் நடுவே உள்ள இடைவெளியோ 67 மில்லிமீட்டரே. சங்கிலித் தகடுகளின் அகலத்தைக் கழித்தால் இன்னும் குறையும். ஆகவே, ஓர் அங்குல மிகுநீளத்தை எந்த உருளையும் மேற்றள்ளி ஏற்க இயலாது. கீழிழை மேலிழையின்மேல் உராயும். எவ்வளவு விலையுயர்ந்த இறுக்கியை வாங்கினும் இக்கணக்கு மாறாது. முதலிற் செய்யத்தக்கது மிகுநீளத்தைக் குறைத்தலே, எஞ்சியதற்கே இறுக்கி.

குறைக்கும் வழிகள் இரண்டு. ஒன்று, பற்சக்கரத்தை மாற்றுதல். முன்னேயோ பின்னேயோ ஒரு பல் கூடினால் சங்கிலியில் அரைக்கண்ணி அளவு, அஃதாவது 6.35 மில்லிமீட்டர், அதன்மேற் சுற்றி அடங்கும். மற்றொன்று, ஒரு முனை குறுகியும் மறுமுனை அகன்றும் வளைந்த ஒற்றைக் கண்ணியை இணைத்துச் சங்கிலியை அரை அங்குலத்தால் திருத்துதல். வளைந்த தகடு இழுப்பில் நேராக முயலுமாதலால், நேர்த்தகட்டின் உறுதி அதற்கு இல்லை. திடீர் இழுப்பே வாழ்வாகவுள்ள இவ்வண்டியில் முதல்வழியே சிறந்தது என்பது நம் கருத்து.

தெரிந்தெடுக்கும் முறை

மேற்கூறியவற்றை உட்கொண்டு, கடைக்குச் செல்வதற்குமுன் வினவத்தக்க வினாக்களை வரிசைப்படுத்துவோம்.

முதலாவது: பின்னச்சின் பிளவு எவ்வாறு அமைந்துள்ளது? கிடையாக நீண்டிருப்பின் நத்தையே போதும், உருளை வேண்டா. சட்டத்தில் முளை இல்லையாயின் திருகாணி வகையை நாடலாம். ஆனால் அது சட்டத்திற்குப் பின்னே நீண்டு நிற்பதால் கல்லில் இடிபடும். பிளவு செங்குத்தாயின் அச்சு நகராது. அங்கே உருளையன்றி வேறு வழியில்லை.

இரண்டாவது: நத்தையாயின், அது எதனாற் செய்யப்பட்டது? படிகள் எவ்வளவு நெருக்கமானவை? மெல்லிய அலுமினியத் தகட்டிற் படிகள் விரைவில் நசுங்கும். எடை சற்று மிகினும் எஃகே நம்பத்தக்கது. படிகள் நெருங்கியிருப்பின் இறுக்கத்தை நுட்பமாகத் திருத்தலாம்.

மூன்றாவது: உருளையாயின், எத்திசையிற் றள்ளுவது? கீழ்நோக்கித் தள்ளுவதனினும் மேல்நோக்கித் தள்ளுவது நன்று. மேலே தள்ளினால் சங்கிலி பின்பற்சக்கரத்தை இன்னும் மிகுதியாகத் தழுவும். கவ்வும் பற்கள் மிகும். இறுக்கியின் கையும் கல்லுக்கு எட்டாது உள்ளடங்கி நிற்கும். கியர் மாற்றியைப் போல இரண்டு உருளைகளுடன் நீளத் தொங்கும் வகை சாலைக்கு ஏற்றதேயன்றிப் பாறைக்கு ஏற்றதன்று. முதல் மோதலிலேயே அதனைத் தாங்கும் காது வளைந்துவிடும்.

நான்காவது: வில்லா, நிலையா? வில் உள்ளது சங்கிலி தேயத் தேயத் தானே திருத்திக்கொள்ளும். பற்சக்கரம் சற்றே கோணலாயினும் பொறுத்துக்கொள்ளும். ஆனால், உயரத்திலிருந்து பின்சக்கரம் தரையில் அறையும்போது சங்கிலியின் எடை வில்லைத் துள்ளவைக்கும். நிலையானது துள்ளாது, ஆயினும் அடிக்கடி பார்த்துத் திருத்தும் பொறுமையை வேண்டும். பற்சக்கரங்கள் வட்டம் பிறழாதிருப்பின் நிலையானதையே கொள்க. பிறழ்ந்திருப்பின் வன்மையான வில்லுடன், பின்வாங்குதலைத் தடுக்கும் திருகும் உடையதைக் கொள்க.

ஐந்தாவது: அகலம் பொருந்துமா? இவ்வண்டிகளில் உள்ளகலம் அரைக்கால் அங்குலமுள்ள சங்கிலியும், 3/32 அங்குலமுள்ள சங்கிலியும் வழங்குகின்றன. உருளை சங்கிலிக்கு ஏற்றதாயும், முன்பின் பற்சக்கரங்களோடு ஒரே நேர்கோட்டில் நிற்பதாயும் இருத்தல் வேண்டும். நேர்கோடு பிறழ்ந்த உருளை சங்கிலியைக் காப்பதற்கு மாறாக, அதனைப் பற்களினின்றும் பக்கவாட்டில் இழுத்துத் தள்ளும்.

பொருத்துதலும் பேணலும்

நல்ல இறுக்கியை வாங்கியும் பொருத்தத் தெரியாவிடிற் பயனில்லை. நத்தையாயின் இருபுற நட்டுக்களையும் சிறிது தளர்த்தி, வலப்புற நத்தையைத் திருப்பிச் சங்கிலியை நேராக்குக. பின்னர்ச் சக்கரத்தை மெல்லச் சுழற்றிச் சங்கிலி மிக விறைக்கும் இடத்தைக் காண்க. எப்பற்சக்கரமும் முற்றும் வட்டமாக இராதலால், இறுக்கம் ஓரிடத்து மிக்கும் ஓரிடத்துக் குறைந்தும் வரும். மிக விறைக்கும் இடத்திலும் கீழிழை விரலுக்குச் சிறிது அசைந்து கொடுக்கவேண்டும். அவ்விடத்தில் இறுக்கத்தைக் கொள்ளாது, தளர்ந்த இடத்தில் விறைக்கச் செய்தால், அரைவட்டம் சென்றபின் சங்கிலி நாண்போல் முறுகி, அச்சின் குண்டுகளையும் பிரீவீலையும் அரிக்கும். பின்பு இடப்புற நத்தையையும் அதே படியில் நிறுத்தி, சக்கரம் கவையின் நடுவே நிற்பதை நோக்கி, நட்டுக்களை முடுக்குக. சக்கரம் நகர்ந்தமையால் விளிம்பைப் பிடிக்கும் பிரேக்குக் கட்டைகளும் இடம் மாறியிருக்கும். அவற்றைத் திருத்தாமல் வண்டியில் ஏறலாகாது.

சங்கிலி நீளுகின்றது என்பது உலக வழக்கு. உண்மையில் தகடு நீளுவதில்லை. ஊசியும் அதனைச் சூழ்ந்த பகுதியும் தேய்தலின் கண்ணிக்குக் கண்ணி சிறிது இடைவெளி பெருகுகின்றது. புதுச் சங்கிலியில் 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருக்கும். அளவுகோலை வைத்துப் பார்க்கையில் அதற்குமேல் ஒரு வீசம், அஃதாவது 1/16 அங்குலம், மிகுந்திருப்பின் சங்கிலியை மாற்றிவிடுக. அரைக்கால் அங்குலம் மிகும்வரை விட்டால் பற்சக்கரங்களும் உடன் தேய்ந்து, புதுச் சங்கிலியையும் ஏற்காவாம். 78 கண்ணிகளையுடைய சங்கிலி ஒரு வீச அளவு தேய்ந்தால் மொத்தத்தில் 5 மில்லிமீட்டர் மிகும். அச்சை இரண்டரை மில்லிமீட்டர் பின்னே தள்ள அது மறைந்துவிடும். மறைந்ததே தவிரத் தீர்ந்ததன்று. தேய்ந்த சங்கிலியின் தளர்ச்சியை இறுக்கி மறைக்கும். அதன் தேய்வை எவ்விறுக்கியும் போக்காது. ஆகவே இறுக்கியைத் திருப்புமுன் அளவுகோலை எடுத்தல் நன்று.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் விளங்குவன மூன்று. இறுக்கியைத் தெரிந்தெடுக்குமுன் சட்டத்தின் பிளவை நோக்குக. மிகுநீளத்தைக் கணக்கிட்டுக் குறைத்தபின்னரே எஞ்சியதை இறுக்கியிடம் ஒப்புவிக்க. பொருத்தியபின் அதனை மறவாது, தேய்வை அளந்துகொண்டே வருக. இம்மூன்றையும் செய்தவர்க்குச் சிறு விலையுள்ள நத்தைத் தகடும் உற்ற துணையாகும். செய்யாதவர்க்கு விலையுயர்ந்த பொறியும் துணையாகாது.

சங்கிலி அளவுக்கு மிஞ்சி இறுகினும் கேடு, தளரினும் கேடு. ஓட்டுவோன் பாறையின் விளிம்பில் நின்று தன் முழு எடையையும் ஒரு மிதியில் வைக்கும்போது, கீழே குனிந்து பார்க்க அவனுக்கு நேரமில்லை. பார்க்கவேண்டியவற்றை முன்னரே பார்த்து வைத்தவனே அம்மிதியை அச்சமின்றி மிதிக்க வல்லவன் ஆவான்.